மாண்ட்ரியலில் அரைக் கிண்ணம் தேநீர்

மாண்ட்ரியலில் என் கைக்கு வந்த முதல் தேநீர் அரைக் கிண்ணம். அதுவும் அரைக்குக் கொஞ்சம் குறைவு. நான் கோவில்பட்டிக்காரி. எங்கள் பக்கம் விருந்தாளிக்கு அரைத் தம்ளர் கொடுக்கிற வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். கடல் கடந்து, மூட்டு வலியையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தவளுக்கு இதுதான் மரியாதையா என்று சுருக்கென்றது.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் நான் மாஸ்கோவில் ருஷ்ய மொழியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவளாக இருந்தேன். அங்கே அச்சாகிக் கப்பலேறி, நம் ஊர்க் கண்காட்சிகளில் வாழைப்பழ விலைக்கு விற்ற கெட்டி அட்டைப் புத்தகங்களை உங்களில் பலர் வாங்கியிருப்பீர்கள். அப்படி நான் தமிழாக்கிய நாவல் ஒன்று 'உப்பேரிக் கரை'. உப்பு ஏரியின் கரை என்று அர்த்தம். உப்பேரி என்றால் காய் வறுவல் என்று மட்டுமே அறிந்த நாகர்கோவில் சிநேகிதி ஒருத்தி அதைச் சமையல் புத்தகம் என்று நினைத்து வாங்கி என்னைத் திட்டியது தனிக்கதை.

எழுதியவர் ஜான்பெக் என்கிற கஸாக் எழுத்தாளர். புல்வெளியில் ஆடு மேய்க்கும் ரய்ஹான் என்ற விதவையின் கதை. கூட்டுப்பண்ணைக்கென்று அவளுடைய மந்தையை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பிறகு பஞ்சம். பஞ்சம் என்ற சொல்லை அப்போது அங்கே அச்சில் போட முடியாது. மனுஷர் அந்தச் சொல்லே இல்லாமல் நூறு பக்கம் பஞ்சத்தை எழுதியிருந்தார். அழுதுகொண்டே மொழிபெயர்த்தேன்.

ஆனால் அந்தக் கடைசி அத்தியாயம்! அவள் மந்தையைப் பிடுங்கிய அதே அதிகாரி பல வருடம் கழித்து நகரத்திலிருந்து வருகிறான். ரய்ஹான் விரிப்பு விரித்து, உட்காரவைத்து, கிண்ணம் தளும்பத் தளும்பத் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறாள். அவன் குடித்துவிட்டுப் பிரசங்கம் செய்கிறான். கதை முடிந்தது. இவ்வளவு எழுதியவர் கடைசியில் முதுகு வளைந்துவிட்டாரே என்று எனக்கு இருபது வருடமாக வயிற்றெரிச்சல். இப்போது சென்னைப் பதிப்பாளர் ஒருவர் நாவலைத் திரும்பப் போட முன்வந்தபோது, அந்த அத்தியாயத்தை வெட்டிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அதற்கு வாரிசின் சம்மதம் வேண்டும். வாரிசு ஒரே மகள், ஐகுல். அவள் சரியென்றால் புத்தகம் பிழைக்கும். மாட்டேனென்றால் தமிழில் அதன் ஆயுள் அவ்வளவுதான்.

ஐகுலைக் கண்டுபிடித்தவர் சிவநாதன், யாழ்ப்பாணத்துக்காரர். டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை செய்கிறார். கோட்-டெ-நெய்ஜில் அவர் குடியிருக்கும் அதே அடுக்குமாடியில் மேலே ஐகுலின் வீடு. அவருடைய மகள் மது போகும் கார்டெரி என்கிற காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவளும் அவள்தான். ஒருநாள் லிஃப்டில் பேச்சுவாக்கில் அவள் அப்பாவின் பெயரைச் சொல்ல, இவர் அங்கேயே கத்திவிட்டாராம். ஊரில் இருந்த காலத்தில் கை மாறிக் கை மாறி அட்டை போன பிறகும் படித்த புத்தகம் அது. எப்படியோ என் எண்ணைத் தேடிப் பிடித்துவிட்டார்.

"அக்கா, நீங்கள் உடன வெளிக்கிட்டு வாங்கோ. போனில கேட்டா அவ ஒண்டும் சொல்ல மாட்டாவாம். தேப்பன்ர புத்தகத்தைப் பற்றிக் கதைக்கிறதெண்டா, தன்ர வீட்டில வந்திருந்து சாப்பிட்டுத்தான் கதைக்கவேணுமாம்."

போய் இறங்கினேன்.

அது ஏப்ரல் மாதம். கோவில்பட்டியில் தார் உருகும் நேரம். விமான நிலைய வாசலில் சிவநாதன் ஒரு கனத்த ஜாக்கெட்டோடு நின்றார். "இதைப் போடுங்கோ அக்கா. வெளியில சும்மா லேசான குளிர்தான்" என்றார். அந்த லேசான குளிர் என் காதைக் கடித்து எடுத்துக்கொண்டு போயிற்று. தெருவெல்லாம் உருகிய பனியும் சேறும். அந்தச் சேற்றில் அரைக்கால் சட்டையோடு ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். வெயில் வந்துவிட்டதாம்!

வீட்டில் சிவநாதனின் மனைவி கௌரி புட்டும் சூரைமீன் குழம்பும் சொதியும் வைத்திருந்தாள். சொதி என்றதும் என் நாக்கு துள்ளியது. வந்தது என்னவோ மஞ்சள் தண்ணீர் மாதிரி ஒன்று. "இது சொதியா? எங்கள் பக்கம் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து. பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் காயும் போட்டு..." என்று ஆரம்பித்தேன். "அக்கா, அது சாம்பார். நீங்கள் பேர் மாத்தி வச்சிருக்கிறியள்" என்றாள் கௌரி, முகத்தில் அசைவில்லாமல். மறுபேச்சில்லாமல் இரண்டாம் முறை வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் ஐகுலின் வீடு. என் வயதுக்காரி. வட்ட முகம், சிரித்தால் கண் காணாமல் போகிறது. ஜன்னலோரம் தாழ்வான மேசை, அதன்மேல் பூப்போட்ட துணி, துணி கண்ணுக்குத் தெரியாதபடி பலகாரம். பவுர்சாக் என்று ஒன்று, வெல்லம் போடாத பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. குர்த் என்று வெள்ளை உருண்டை, தயிரை உப்புப் போட்டுக் காயவைத்தது. வாயில் போட்டதும் மோர் மிளகாய் நினைவுக்கு வந்து நான்கு எடுத்துக்கொண்டேன். எங்கள் பேச்சு ருஷ்ய மொழியில். என்னுடையது துருப்பிடித்திருந்தது, அவளுக்குப் புரிந்தது.

பிறகுதான் அந்தத் தேநீர் வந்தது. பால் விட்டு, டிகாஷன் விட்டு, கொதிநீர் விட்டு, அருமையான நிறம். ஆனால் பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் பாதிதான். இரண்டு மடக்கில் தீர்ந்துபோனது. கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கினாள். மறுபடி பாதி. மறுபடி நீட்டினாள். மறுபடி பாதி. ஊற்றுவதற்கே உட்கார்ந்திருப்பவள் ஒரேயடியாக ஊற்றித் தொலைத்தால் என்ன? பலகாரத்தில் தாராளம், தேநீரில் கஞ்சம். இது என்ன வீட்டு வழக்கமோ என்று மனதுக்குள் புலம்பிக்கொண்டே குடித்தேன்.

அவள் அப்பாவைப் பற்றிப் பேசினாள். "என் அப்பா மூன்று தடவை அரிச்சுவடி படித்தவர். பிறந்தபோது எங்கள் மொழிக்கு அரபு எழுத்து. பள்ளிக்கூடத்தில் லத்தீன் எழுத்துக்கு மாற்றினார்கள். வேலைக்குப் போனபோது ருஷ்ய எழுத்து. அவருடைய அம்மா எழுதியதை அவர் பிள்ளைகள் படிக்க முடியாது. அவர் எழுதியதை அவருடைய அம்மா படிக்க முடியாது."

"அவருடைய அம்மா அப்போது இருந்தார்களா?"

"பஞ்சத்தில் போய்விட்டார்கள். அப்பா அநாதை விடுதியில் வளர்ந்தவர். பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துகிற வேலை. கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மேசையிலிருந்து காணாமல் போனார்கள். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். புது ஆள் வந்து உட்காருவான், இவர் வணக்கம் சொல்லுவார். வீட்டில் மட்டும் ஜோக் அடித்துக்கொண்டே இருப்பார். என் அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டுச் சிரிப்பாள்."

இப்படி ஜோக் அடித்த மனுஷரா அந்தக் கடைசி அத்தியாயத்தை எழுதினார் என்று என் எரிச்சல் இன்னும் கூடியது. முதல் நாளே வெட்டுக் குத்து என்று பேசக் கூடாதென்று நாக்கைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆற்றைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தனியாகக் கிளம்பினேன். மெட்ரோவில் ஏறியது சரி, இறங்கியது சரி, அங்கே ஏறிய பஸ்தான் தப்பு. ஆறு வரும் ஆறு வரும் என்று பார்த்தால் பஸ் நெடுஞ்சாலையில் ஏறிப் பறந்தது. முன் சீட்டில் இரண்டு வயதான பெண்கள் பிரெஞ்சில் காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். பக்கத்திலிருந்தவரிடம் என்ன சண்டை என்று விசாரித்தேன். "குளிர்காலம் முடிந்துவிட்டது என்கிறார் ஒருவர். அது முடிந்ததாகச் சரித்திரமே இல்லை என்கிறார் மற்றவர்" என்றார். எங்கள் ஊர்ப் பஸ்ஸில் மழையை வைத்து நடக்கிற சண்டைதான்.

பஸ் போய் நின்ற இடம் புவாண்ட்-கிளேர். பெரிய கடைவளாகம், அதைச் சுற்றிப் பொட்டல்காடாகக் கார் நிறுத்துமிடம். ஓட்டுநர் ஒரு பெண்மணி. நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, இதே பஸ் திரும்பும், அதுவரை போய் ஏதாவது குடித்துவிட்டு வா என்று கையால் காட்டினாள். கடையில் தேநீர் கேட்டேன். வாளி மாதிரி ஒரு காகிதக் குவளையில் விளிம்புவரை ஊற்றி மூடி போட்டுக் கொடுத்தான். பார்த்தீர்களா, முன்பின் தெரியாத கடைக்காரன்கூட நிறைய ஊற்றுகிறான்! ருசி என்னவோ கழுநீர்தான். இருந்தாலும் கௌரவத்துக்காகக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அதன் பலனைத் திரும்பி வரும் வழி முழுக்க அனுபவித்தேன், விவரம் வேண்டாம்.

சனிக்கிழமை ஐகுல் விருந்துக்குக் கூப்பிட்டாள். தாம்பாளம் அளவுத் தட்டில் சப்பையான மாவுத் துண்டுகள், மேலே வெங்காயம், அதற்கு மேலே மலையாகக் கறி. பெஷ்பார்மக். ஐந்து விரல் என்று அர்த்தமாம், கையால் சாப்பிட வேண்டியது. அப்பாடா! நான்கு நாளாக வெளியே முள்கரண்டியோடு மல்லுக்கட்டிய என் கைக்கு விடுதலை. ஓரத்தில் வட்டவட்டமாக நறுக்கியிருந்த கறியை ரசித்து மென்றுகொண்டே இது என்ன என்று கேட்டேன்.

"குதிரை. இந்த ஊர் கறிக்கடையிலேயே கிடைக்கிறது. அதனால்தான் எனக்கு இந்த ஊரைப் பிடித்துப்போய்விட்டது."

ஐயனாரே, மன்னித்துவிடு! விழுங்குவதா துப்புவதா என்று ஒரு கணம் தடுமாறினேன். விழுங்கினேன். ஆட்டுக்கறியைவிடக் கொஞ்சம் தித்திப்பு. இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டேன், உண்மையை மறைப்பானேன்.

சாப்பிட்ட பிறகு தேநீர். அரை, அரை, அரை. பேச்சு நன்றாகச் சூடு பிடித்திருந்தது. இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன். "ஐகுல், உங்கள் அப்பாவின் புத்தகத்தைத் தமிழில் மறுபடியும் போடப் போகிறோம். ஒரு விஷயம். கடைசி அத்தியாயம் அவர் மனசறிந்து எழுதியதாக இருக்காது. யாரோ கழுத்தில் கத்தி வைத்து எழுத வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் அவருக்கும் கௌரவம், ரய்ஹானுக்கும் கௌரவம்."

ஐகுலின் சிரிப்பு நின்றுவிட்டது, கண் இரண்டும் நன்றாகத் தெரிந்தன. என் கிண்ணத்தை வாங்கினாள். பால் விட்டாள், டிகாஷன் விட்டாள், கொதிநீரை விட்டாள். விட்டுக்கொண்டே இருந்தாள். விளிம்புவரை நிறைந்து தளும்பிய கிண்ணத்தை இரண்டு கையாலும் என் முன்னால் வைத்தாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சம்மதம்! வாயால் சொல்லக் கூச்சம், தேநீரால் சொல்கிறாள்! சப்புக்கொட்டிக் குடித்தேன். அற்புதம், அற்புதம் என்றேன். அவள் தட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். களைப்பாயிருக்கும் என்று நானே விடைபெற்று வந்தேன்.

"சிவநாதன், வெற்றி!" என்று கதவைத் திறக்கும்போதே கூவினேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "மெய்யே அக்கா? ஓம் எண்டவவோ?"

"ஓம் என்று வாயால் சொல்லவில்லை. ஆனால் முதல் தடவையாகக் கிண்ணம் நிறைய ஊற்றினாள்."

"அப்ப சரி. பேந்தென்ன" என்றார் அவர். அன்று வீட்டில் கொத்துரொட்டி.

காலையில் கௌரியின் அடுப்படியில் முந்திரி போட்டுக் கேசரி கிளறினேன். நல்ல காரியம் நடந்தால் இனிப்போடு போவதுதானே முறை? கிண்ணத்தில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு மேலே போய் மணியடித்தேன். கதவைத் திறந்த ஐகுல் பேயைப் பார்த்தவள்போல் நின்றாள்.

"நீங்களா? நேற்று நான் கிண்ணத்தை நிறைத்து ஊற்றினேனே?"

"ஆமாம்! அதற்குத்தான் நன்றி சொல்ல வந்தேன்."

என்னைப் பார்த்தாள். கேசரியைப் பார்த்தாள். உதடு துடித்தது. அடுத்த நொடி சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்து, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நானும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்துவைத்தேன்.

"அடி பெண்ணே," என்றாள். 'நீங்கள்' போய் அங்கேயே 'நீ' வந்துவிட்டது. "எங்கள் வழக்கத்தில் பிரியப்பட்ட விருந்தாளிக்குப் பாதிதான் ஊற்றுவோம். சீக்கிரம் தீரும், சூடாக மறுபடி ஊற்றலாம், அவள் இன்னும் கொஞ்ச நேரம் நம்மோடு இருப்பாள். நிறைத்து ஊற்றினால், இதைக் குடி, எழுந்து போ என்று அர்த்தம். நேற்று நான் உன்னை வீட்டைவிட்டுத் துரத்தினேன்!"

எனக்குக் காது சூடாகிவிட்டது. மரியாதை கெட்டதென்று இத்தனை நாள் நான் முணுமுணுத்ததெல்லாம் மரியாதை. மரியாதை என்று நான் துள்ளிக் குதித்தது கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. இதை நினைத்து எனக்கும் சிரிப்பு வரத் தொடங்கிய அந்த நேரத்தில்தான் பொட்டில் அறைந்தது. தளும்பத் தளும்ப. கடைசி அத்தியாயம்!

"ஐகுல், ரய்ஹான் அந்த அதிகாரிக்கு..."

"ஆமாம்."

"விரட்டுகிறாளா?"

"வேறென்ன? விரிப்பு விரித்து, உட்காரவைத்து, நிறைத்து ஊற்றுகிறாள். அந்த மடையன் குடித்துவிட்டு, அற்புதம் அற்புதம் என்கிறான்." அவள் என் கன்னத்தைத் தட்டினாள். "நேற்று நீ சொன்னாயே, அதேபோல!"

வாசலில் இருந்த செருப்புப் பலகைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஐகுல் மீதியைச் சொன்னாள். முடிவு சந்தோஷமாக இல்லை, அதிகாரியை நல்லவனாகக் காட்டு என்று மாஸ்கோவிலிருந்து நாவலைத் திருப்பி அனுப்பினார்களாம். அப்பா மறுப்பே சொல்லாமல் சிரித்துக்கொண்டு அந்த அத்தியாயத்தை எழுதினாராம். உள்ளூர்த் தணிக்கை ஆபீசில் ஒரே ஒரு கஸாக்காரர். படித்து முடித்து அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "தேநீர் நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லி முத்திரை குத்தினார். மாஸ்கோவில் பாராட்டிப் பதக்கம் கொடுத்தார்கள். அம்மா அதைப் பொத்தான் டப்பாவில் போட்டுவைத்தாள். புல்வெளியில் புத்தகம் போய்ச் சேர்ந்த இடமெல்லாம் கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்களாம்.

"அதைத்தான் நீ வெட்ட வேண்டும் என்றாய்."

"ஒரு எழுத்துக்கூட வெட்டமாட்டேன்" என்றேன். சொல்லும்போதே வேறொன்று நினைவுக்கு வந்தது. கீழே ஓடிப்போய் என் பழைய பிரதியை எடுத்து வந்தேன். மூன்றாம் அத்தியாயம். இறந்துபோன கணவனின் நண்பன் வருகிறான். ருஷ்யப் பிரதியில் ரய்ஹான் அவனுக்குப் பாதிக் கிண்ணம் ஊற்றினாள், மறுபடி பாதி ஊற்றினாள் என்று தெளிவாக இருந்தது. எனக்கு எழுதக் கை வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவனுக்கு அரைக் கிண்ணமா, என் ரய்ஹான் அப்படிப்பட்டவளா என்று நானே அதையெல்லாம் 'கிண்ணம் நிறைய' ஆக்கிவைத்திருந்தேன். அக்காள் வந்தால் நிறைய. பக்கத்துக் கூடாரத்துக்காரி வந்தால் நிறைய. மருமகன் வந்தால் தளும்பத் தளும்ப.

படித்துச் சொல்லச் சொல்ல ஐகுல் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறாளே என்று பதறினேன்.

"அப்படியானால் தமிழில்..." அவளால் பேச முடியவில்லை. "தமிழில் என் அப்பாவின் ரய்ஹான் வீட்டுக்கு வந்த ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை! மருமகனைக்கூட விரட்டிவிட்டாள்!"

கேசரி காலியாகும்வரை சிரித்தோம். பிறகு அவள் நிபந்தனை சொன்னாள். கடைசி அத்தியாயம் அப்படியே இருக்க வேண்டும். நான் நிறைத்த கிண்ணத்தையெல்லாம் மறுபடி பாதியாக்க வேண்டும். அடிக்குறிப்பு கூடாது.

"அடிக்குறிப்பு இல்லாமல் எங்கள் ஆட்களுக்கு எப்படிப் புரியும்?"

"அப்பா அடிக்குறிப்பு போட்டாரா? பிரியமானவர்களுக்கெல்லாம் பாதி ஊற்றுகிறவள் ஒருவனுக்கு மட்டும் ஏன் நிறைக்கிறாள் என்று உன் ஆட்கள் யோசிக்க மாட்டார்களா?"

பந்தயம் கட்டிப் பார்த்துவிடலாம் என்று சிவநாதனைக் கூப்பிட்டோம். விஷயத்தைச் சொல்லாமல், பாதிகளையெல்லாம் திரும்ப வைத்து மூன்றாம் அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்தேன். வேறு இரண்டு இடம் படித்தேன். பிறகு கடைசி அத்தியாயம். மனிதர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். தளும்பத் தளும்ப ஊற்றிய இடம் வந்ததும் புருவம் சுருங்கியது. "பொறுங்கோ அக்கா. இன்னொருக்கா வாசியுங்கோ." வாசித்தேன். மெல்ல எழுந்து நின்றார்.

"எட, அவ அவனைக் கலைக்கிறா! வெளிய போடா எண்டுறா!"

கலைக்கிறா என்றால் என்ன என்று ஐகுல் கேட்டாள். துரத்துகிறாள் என்று ருஷ்ய மொழியில் சொன்னேன். அவள் கை தட்டினாள். சிவநாதன் கை தட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்கட அம்மாவும் வாசலில துவக்கோட வந்து நிண்டவைக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தவ. குடுக்காம விடேலாது. குடுத்துப்போட்டு உள்ள வந்து அழுவா." பிறகு திரும்பினார். கண் கலங்கியிருந்தது, வாயில் சிரிப்பு. "அம்மாவுக்கு இது தெரிஞ்சிருந்தா நிரப்பி நிரப்பியெல்லோ குடுத்திருப்பா!"

துப்பாக்கியோடு வந்தவர்களுக்கு அவர் அம்மா தேநீர் கொடுத்ததை நான் ருஷ்ய மொழியில் சொன்னதும், ஐகுல் வெந்நீர் கொதிக்கும் சமோவார் பக்கம் போனாள். அவருக்குப் பாதிக் கிண்ணம் ஊற்றி இரண்டு கையாலும் கொடுத்தாள். அவர் உட்கார்ந்து குடித்தார். அவள் மறுபடி பாதி ஊற்றினாள்.

கிளம்பும் நாள் காலையில் சம்மதக் கையெழுத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, விடைபெறத்தான் மேலே போனேன். ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பாதி, மறுபடி பாதி, மறுபடி பாதி. கீழே சிவநாதன் காரில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். மது மூச்சிரைக்க மேலே வந்து பிரெஞ்சில் என்னவோ கத்திவிட்டு, ஒரு பவுர்சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"ஐகுல், விமானம் போய்விடும். ஒரே ஒரு தடவை நிறைத்து ஊற்றேன். நான் எழுந்து போகிறேன்."

அவள் என் கிண்ணத்தை வாங்கினாள். பால் விட்டாள், டிகாஷன் விட்டாள், கொதிநீரை எடுத்தாள். பாதியில் நிறுத்தி என்னிடம் நீட்டினாள்.

"போக வேண்டுமென்றால் நீயாகப் போ" என்றாள். "எனக்குக் கை வரவில்லை."